வேலியோரத்து வெள்ளைப் பூ



புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் பளையில் இறங்கித் தேநீர் குடிப்பதுண்டு. அடுத்த முறை இறங்கும்போது வீதியோரத்தைச் சற்றுக் கவனியுங்கள். கரட் இலை போலப் பிளவுபட்ட இலையும், உச்சியில் பொடிப்பொடியான வெள்ளைப் பூக்களும் கொண்ட செடி நின்றால், அது பெரும்பாலும் பார்த்தீனியம்தான். அழகாயிருக்கிறதென்று பிள்ளைகள் பறித்துவிட வேண்டாம்!

மெக்ஸிகோப் பக்கத்துச் செடி இது. 1950களில் பூனாவில் காணப்பட்டு, இந்தியா முழுவதும் பரவியது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1980களின் இறுதியில் இந்திய அமைதிப் படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். பிறகு யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று பரவியது.

ஆளில்லாக் காணிதான் இதற்கு வாய்ப்பான இடம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கும்போது இதை அறிந்திருக்க வேண்டாமா?

ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை தரும். முளைத்து ஒரு மாதமளவில் பூத்துவிடும். லொறிச் சக்கரத்துச் சேறு, மாட்டெரு, மணல், ஆட்டின் குளம்பு எல்லாவற்றிலும் விதை பயணம் செய்யும். மற்றப் பயிர்களை முளைக்க விடாது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். மகரந்தம் தும்மலையும் ஆஸ்துமாவையும் கிளப்பும். தின்ற ஆட்டின் பால் கசக்கும்.

என்ன செய்யலாம்? மழை பெய்து மண் இளகியதும், பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். கையில் உறையும் மூக்கில் துணியும் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறுவர்களும் கிட்டப்போக வேண்டாம். பூத்த செடியைப் பையால் மூடிக் கட்டிய பிறகே பிடுங்குங்கள், எருக்குழியில் போடாதீர்கள். விதை மண்ணில் பல வருடம் கிடக்குமாதலால், மூன்று கிழமைக்கு ஒருமுறை அதே இடத்தைப் பாருங்கள். வெளியூர் எருவோ, குர்பானுக்கு ஆடோ வந்தால், அவை வைத்த இடத்தையும் பாருங்கள். அதிகம் கண்டால் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள். ஆனால், வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் மட்டும் செடியைத் தேடிக் கால் வைக்காதீர்கள்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம் வேலியோரமும் பாதைதானே? அடுத்த வீட்டுச் சகோதரியையும் அழைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். அல்லாஹ் நம் மண்ணில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.