சுரங்களும் கணினி ஏறட்டும்

சனிக்கிழமை காலை நேரம். புக்கிட் பாஞ்சாங்கின் இலகு ரயிலிலிருந்து இறங்கிப் பெருவிரைவு ரயிலுக்கு மாறும் கூட்டத்தில் கர்நாடக இசை பயிலும் மாணவர்களும் இருப்பார்கள். டௌன்டவுன் பாதையில் ஏறினால் வண்டி மாறாமலேயே லிட்டில் இந்தியாவுக்குச் சென்றுவிடலாம். இசை வகுப்புக்குச் செல்லும் அந்த மாணவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு குறிப்பேடு இருக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கையால் எழுதிய சுரக்குறிப்புகள் அதில் நிறைந்திருக்கும். பள்ளிக் கட்டுரைகளை மடிக்கணினியில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த அதே மாணவர்கள், இசைப் பாடத்தை மட்டும் பேனாவால் எழுதுகிறார்கள். வகுப்புக்கு வராத தோழி கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறன்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள்.

இதில் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். படத்தில் உள்ள கையெழுத்தை எளிதில் தேட முடியாது. ஒரு சுரம் தவறாக இருந்தால் அதை மட்டும் திருத்த முடியாது. குறிப்பேடு மழையில் நனைந்தாலோ வீடு மாறும்போது தொலைந்தாலோ, பல ஆண்டுப் பாடமும் அதோடு போய்விடும். கதையும் கவிதையும் கணினி ஏறிவிட்ட இக்காலத்தில், சுரங்களும் தமிழ் எழுத்திலேயே கணினி ஏற வேண்டும். அதற்கான முயற்சியை மாணவர்களே தொடங்கலாம்.

இசையை எழுத்தால் குறிப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில், கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் செய்தியோ கொடை விவரமோ பொறிக்கப்படவில்லை. கிரந்த எழுத்தில் இசைச் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாக அவை அமைந்துள்ளன. திவாகர நிகண்டோ, ‘ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ’ என்னும் ஏழு நெட்டெழுத்துகளையும் ஏழிசைக்கு உரியவை என்று கூறுகிறது. ஆக, இசையும் எழுத்தும் நெடுங்காலமாகவே கைகோத்து வந்துள்ளன.

இன்று வழக்கிலுள்ள சுரக்குறிப்பைப் பார்த்தாலும் இந்த உறவு புலப்படும். தமிழ் வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று மாணவர்கள் படிக்கிறார்கள். சுரக்குறிப்பிலும் அதே கணக்குதான். ‘ச, ரி, க’ என்று குறிலாக எழுதினால் ஓர் அளவு. ‘சா, ரீ, கா’ என்று நெடிலாக எழுதினால் இரண்டு அளவு. ஒலியை மேலும் நீட்ட வேண்டுமானால், ஓர் அளவுக்குக் காற்புள்ளியும் இரண்டு அளவுக்கு அரைப்புள்ளியும் இடுகிறார்கள். தாளத்தின் ஒரு பகுதி முடியும் இடத்தில் ஒற்றைக் கோடும், சுற்று முழுவதும் முடியும் இடத்தில் இரட்டைக் கோடும் போடுகிறார்கள். ராகத்தின் பெயரைத் தலைப்பில் எழுதிவிட்டால், எந்த வகை ‘ரி’, எந்த வகை ‘க’ என்பதை ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டியதில்லை. ஐந்து கோடுகளோ படங்களோ இதற்குத் தேவையில்லை. இக்குறிகளில் பெரும்பாலானவை விசைப்பலகையில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால், ஒரு சிறிய புள்ளி பெரிய தடையாக நிற்கிறது. இசை பயிலும் எல்லாரும் முதலில் கற்பது சரளி வரிசை. அதன் முதல் வரியில் எட்டுச் சுரங்கள் வருகின்றன. எட்டாவதாக வரும் ‘ச’ மேல் ஸ்தாயியைச் சேர்ந்தது. அதைக் காட்ட, அச்சு நூல்களில் அந்த எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? அது மெய்யெழுத்து ஆகிவிடும்! பாடகர் அதைச் சூழலைக் கொண்டு புரிந்துகொள்வார். கணினிக்கோ அது ‘ச்’ என்னும் வேறோர் எழுத்து. கீழ் ஸ்தாயிக்காக எழுத்தின் அடியில் வைக்கும் புள்ளிக்கு வழக்கமான தமிழ் விசைப்பலகையில் இடமே இல்லை. முதல் பாடத்தின் முதல் வரியிலேயே தட்டச்சு இப்படித் தடுமாறினால், மாணவர்கள் மீண்டும் பேனாவை எடுப்பதில் வியப்பில்லை.

இத்தகைய தடைகளை மற்றவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. கிறிஸ் வால்ஷா என்பவர், மேற்கத்திய இசைக்குறிகளைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, தாம் கேட்ட நாட்டுப்புற மெட்டுகளை ஆங்கில எழுத்துகளால் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தப் பழக்கமே பின்னர் ‘ஏபிசி’ குறிமுறையாக வளர்ந்தது. அவ்வாறு எழுதியதை அச்சுக்கு ஏற்ற இசைத்தாளாக மாற்றும் மென்பொருளையும் அவர் 1993 அளவில் உருவாக்கினார். அதில் ஸ்தாயியைக் காட்டப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எழுத்தை அடுத்து வரும் சிறு குறி ஆகியவையே பயன்படுகின்றன. தலைப்பு, தாள அளவு, சுருதி ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டுப் பிறகு சுரங்களை எழுத வேண்டும். அதே எழுத்தைக் கொண்டு ஒரு மென்பொருள் இசைத்தாளை அச்சிடும். இன்னொரு மென்பொருள் மெட்டை ஒலித்துக் காட்டும். 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கிய ‘லிலிபாண்ட்’ என்னும் மென்பொருளும் எழுத்தைப் படித்து அழகிய இசைத்தாளை உருவாக்குகிறது. அது எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். இசை ஆர்வலர்கள் தட்டச்சு செய்த ஏராளமான நாட்டுப்புற மெட்டுகள் இன்று இணையத்தில் கிடைப்பதற்கு இத்தகைய எளிய முறைகளே காரணம்.

தொலைதூரம் போக வேண்டியதில்லை; சிங்கப்பூர்ப் பள்ளிகளிலேயே இதற்குச் சான்று உண்டு. இணைப்பாட நடவடிக்கையாகச் சீன இசைக்குழுவில் சேரும் மாணவர்கள் எண் குறிமுறையைப் படிக்கிறார்கள். அதில் 1 முதல் 7 வரையுள்ள எண்களே ஏழு சுரங்கள். எண்ணின் மேலும் கீழும் வைக்கும் புள்ளிகள் ஸ்தாயியைக் காட்டுகின்றன. எண்ணுக்குத் தலையில் புள்ளி வைத்தால் குழப்பம் இல்லை. தமிழ் எழுத்துக்கு வைத்தால்தான் குழப்பம். ஆகவே, தமிழுக்கு ஏற்ற தீர்வைத் தமிழர்களே காண வேண்டியுள்ளது.

சுரங்களை எழுதத் தேவையில்லை என்று வாதிடுபவர்களும் உள்ளனர். இசை செவி வழியாகக் கற்கும் கலை என்பது அவர்களின் முதல் வாதம். ஒரு சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை எழுத்தால் முழுமையாகக் காட்ட முடியாது என்கிறார்கள். இது உண்மைதான். ஆயினும், அதற்காக முன்னோர் எழுதாமல் இருந்துவிடவில்லை. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் நூலில், சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையே பயன்படுத்தினார். அவர் எழுதிவைத்ததால்தான் பழைய உருப்படிகள் பலவற்றை இன்றைய பாடகர்கள் படித்து அறிய முடிகிறது. ரயில் வரைபடத்தைப் பார்ப்பது பயணம் செய்வதற்கு ஈடாகாது. ஆனாலும், புதிதாக வருபவருக்கு வரைபடம் வழிகாட்டும். சுரக்குறிப்பும் அத்தகையதே. அது ஆசிரியரின் இடத்தைப் பிடிப்பதில்லை. ஆசிரியர் கற்பித்ததை நினைவில் நிறுத்த உதவுகிறது.

திறன்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே போதும் என்பது இரண்டாவது வாதம். ஒலிப்பதிவு மிகவும் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவர் ஒரு நாள் எப்படிப் பாடினார் என்பதைத்தான் அது காட்டும். தாளத்தின் எந்த இடத்தில் எந்தச் சுரம் விழுகிறது என்பதைத் தொடக்கநிலை மாணவர் ஒலியை மட்டும் கேட்டு அறிவது கடினம். எழுத்தில் அது கண்முன் நிற்கும். சேமிப்பிலும் வேறுபாடு உண்டு. ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் தேவைப்படும். ஒரு வர்ணத்தின் சுரங்கள் முழுவதையும் சில கிலோபைட்டுகளுக்குள் எழுதிவிடலாம். மேலும், சுரக்குறிப்பில் சுருதி மாறினாலும் எழுத்து மாறுவதில்லை. பாடுபவரும் வீணை மீட்டுபவரும் வயலின் வாசிப்பவரும் ஒரே பக்கத்தைப் படிக்கலாம். எனவே, ஒலிப்பதிவும் எழுத்தும் ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதே சிறப்பு.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், அனைவரும் ஏற்கும் ஓர் எளிய வழக்கம் வேண்டும். புள்ளியை எழுத்தின் தலையில் வைக்காமல், மேல் ஸ்தாயிக்கு எழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோள் குறியை இடலாம். அப்போது சரளி வரிசையின் முதல் வரி ‘ச ரி க ம | ப த | நி ச' ||’ என்று அமையும். எந்தத் திறன்பேசியிலும் இதைத் தட்டச்சு செய்யலாம். கீழ் ஸ்தாயிக்குக் காற்புள்ளியைப் பயன்படுத்தக்கூடாது. அது ஏற்கெனவே நீட்டலைக் குறிக்கிறது. அதற்கு முற்றுப்புள்ளியை இடலாம். சிலர் ‘ச’ என்றும் சிலர் ‘ஸ’ என்றும் எழுதுவதால் தேடும்போது பாதிப் பாடங்கள் கிடைக்காமல் போகும். அதிலும் ஓர் ஒழுங்கு தேவை. எழுத்தில் ஒழுங்கு வந்துவிட்டால், அதைப் படித்து ஒலித்துக் காட்டும் செயலியை உருவாக்குவது நிரலாக்கம் பயிலும் மாணவர்களுக்கு எட்டாத செயலன்று.

இத்தகைய முயற்சிக்குச் சிங்கப்பூர் பொருத்தமான இடம். தமிழைக் கணினியில் ஏற்றும் பணியில் இந்நாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1997இல் தமிழ் இணையத்துக்கான மாநாடும் இங்கே நடைபெற்றது. 2015இல் நாட்டின் பொன்விழாவை ஒட்டி, தமிழ்ச் சமூகத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் ஆக்கினர். இலக்கியத்துக்குச் செய்ததை இசைக்கும் செய்யலாம் அல்லவா?

இதைச் செய்யாவிட்டால் இழப்பு உண்டு. 1960களில் சிங்கப்பூரில் உருவான ‘முன்னேறு வாலிபா’ பாடலைப் பல தலைமுறை மாணவர்கள் பாடியுள்ளனர். பலரும் பாடுவதால் அது நிலைத்திருக்கிறது. பள்ளி விழாவுக்காகவும் சமூக மன்ற நிகழ்ச்சிக்காகவும் உள்ளூர் ஆசிரியர்கள் மெட்டமைக்கும் பாடல்களுக்கு அத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. அவற்றின் சொற்கள் நிகழ்ச்சி மலரில் இருக்கலாம். மெட்டு ஆசிரியரின் நினைவிலும் குறிப்பேட்டிலும் மட்டுமே இருக்கும். அவர் பாடுவதை நிறுத்தும் நாளில் அந்த மெட்டும் நின்றுவிடும்.

இந்நிலையை மாற்றப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் ரயில் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். சென்ற வாரம் கற்ற பாடத்தைத் தட்டச்சு செய்ய அந்த நேரம் போதும். வகுப்பில் ஆசிரியரிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டால், வாரத்துக்கு ஒரு பாடமாக ஓராண்டில் ஐம்பது பாடங்கள் சேர்ந்துவிடும். சிறு துளி பெருவெள்ளம். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றிய நாட்டில், தமிழ்ச் சுரங்களும் கணினி ஏறட்டும்.