விதை இருக்க நாற்றுக்கு ஏன் காசு?

பூவிருந்தவல்லி, பெயரிலேயே பூவைக் கொண்ட ஊர். திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் அமைத்து, காஞ்சி வரதருக்கு மலர் சுமந்தார் என்பது மரபு. இன்றோ, கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நாற்றங்கால்களிலிருந்து நாடெங்கும் பூஞ்செடிகள் லாரியில் போகின்றன. நம் பகுதி விவசாயியும் அவற்றையே விலை கொடுத்து வாங்குவது சரிதானா?

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாகிவிட்டன. பலருக்கு மிஞ்சியிருப்பது புழக்கடை மட்டுமே. ஆனால் புதிதாக எழும் ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒரு பூஞ்செடியைக் கேட்கிறது. அந்த வருமானத்தை ஏன் விடவேண்டும்?

மயில்கொன்றை விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால் சீராக முளைக்கும். கனகாம்பரக் கதிர் காய்ந்தபின் நீர் பட்டால் காய் வெடித்து விதை சிதறும். எனவே ஈரம் படுமுன் கதிரைப் பறித்து, துணியில் கட்டி வைக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்து ஆடியில் விதைக்கலாம். சுமார் 60 நாளில் நாற்று தயார். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

விதைச்செடி பூக்க நாளாகும், நிறமும் மாறும் என்பர். உண்மைதான். அதனால்தான் நிறத்துக்கு உறுதி சொல்லி விற்கலாகாது. பூத்தபின் காட்டி விற்பதே நேர்மை. டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. அதைக் குச்சி நட்டே பெருக்க வேண்டும். இந்த வேறுபாடு அறியாதவரே ஏமாறுவர்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் அரளியும் விதையில் எளிதாக வரும். ஆனால் அதன் விதை இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கும் நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அதை விற்று வரும் காசு வேண்டவே வேண்டாம்.

செலவு ஒரு பிடி விதையும் இரண்டு மாத உழைப்பும்தான். இந்த ஆடியில் ஒரு பாத்தி போட்டுப் பார்க்கட்டும் நம் சிறு விவசாயிகள்.