கன்சீலர் எதை மறைக்கிறது?

கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம், கன்னத்து மங்கு, பருத்தழும்பு ஆகியவற்றை மறைக்கப் பூசும் ஒப்பனைப் பொருளுக்குக் கன்சீலர் என்று பெயர். விரல் நீளக் குப்பி, அதற்குள் பஞ்சு முனை வைத்த ஒரு குச்சி, அவ்வளவுதான். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். ஒரு கன்சீலர் வாங்கி ஏமாந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஏமாந்தது 549 ரூபாயோடு முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2023 தொடக்கத்தில் சென்னையில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தேன். பி.காம். முடித்துவிட்டு விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள் நான். மாதம் 11,000 ரூபாய் கைக்கு வரும். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். விடுதி அறையில் ஆறு பேர். படுக்கப் பன்னிரண்டாகும், குளியலறை வரிசைக்காக ஐந்தரைக்கே எழ வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் மாதம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னம்மா, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கு? வைரம் காட்டுற கவுண்டர்ல நிக்கிற பொண்ணு இப்படியா இருப்ப? ஏதாவது போட்டு மறைச்சுட்டு வா" என்றார். அதட்டலாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அன்று இரவே அழகுசாதனக் கடைக்குப் போனேன்.

கடையில் அந்தக் கன்சீலரில் ஐந்து நிறங்கள் இருந்தன. கடைசிக் குப்பிதான் இருப்பதிலேயே கருப்பு. அதுவே என் முகத்தைவிட இரண்டு படி வெளுப்பாக இருந்தது. "இதுக்கு மேல டார்க் வராதா?" என்று கேட்டேன். விற்ற பெண்ணும் என் நிறம்தான். "வராதுக்கா. ஆனா ஒரு ஷேடு தூக்கிப் போட்டாத்தான் பிரைட்டா தெரியும், நானும் அதான் போடுறேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கடை வெளிச்சத்தில் நன்றாகத்தான் தெரிந்தது. வாங்கிவிட்டேன். ஒன்றரை நாள் கூலி.

அந்தக் குப்பியோடு பட்ட பாடு

முதல் நாள் பூசியதும் கருவளையம் போனது. அந்த இடத்தில் சாம்பல் வளையம் வந்தது. தாராளமாகப் பூசிப் பார்த்தேன், சாம்பல் கூடியது. கொஞ்சமாகப் பூசினால் கருப்பு தெரிந்தது. பத்து மணிக்கு ஒட்டியிருந்தது மதியம் இரண்டு மணிக்குக் கண்ணுக்குக் கீழே கோடு கோடாகப் பிளந்தது. அங்கே தோல் மெல்லியது. சிரித்தால் மடியும், மடிந்த இடத்தில் மாவு சேரும். மேலே பவுடர் போட்டால் பாலை வெடிப்பு. போடாவிட்டால் வேர்வையோடு கன்னத்துக்கு இறங்கும். சாயங்காலத்துக்குள் காலையில் பூசிய நிறமும் மாறியிருக்கும்.

பிறகு ஒரு மணப்பெண் அலங்காரக்காரரிடம் கேட்டுத்தான் காரணம் புரிந்தது. இந்தப் பசையில் மறைக்கும் வேலையைச் செய்வதில் முக்கியமானது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. நிறம் தருபவை சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். வெளிர் நிறத்துக்கு வெள்ளை அதிகம் போட்டால் சரி. கருத்த தோலுக்குச் செய்யும்போது வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் கணக்காகக் கூட்ட வேண்டும். வெளுத்த தோலுக்கான கலவையிலேயே கொஞ்சம் கருப்பைச் சேர்த்து 'டார்க்' என்று எழுதி விற்றால் என்ன வரும்? வெள்ளையும் கருப்பும் சேர்ந்தால் சாம்பல்தான் வரும். நம் கருவளையம் நீலமும் பழுப்பும் கலந்தது. அதன்மேல் நேரடியாக வெளிர் நிறம் பூசினாலும் சாம்பல்தான். முதலில் ஆரஞ்சு நிறத் திருத்தி ஒன்றை மெல்லத் தடவி, அதன்மேல் நம் நிறத்திலேயே உள்ள கன்சீலரைப் பூச வேண்டும். அதாவது ஒரு குப்பி போதாது, இரண்டு வாங்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

விலைக்கணக்கையும் பாருங்கள். குப்பியில் இருந்தது 5 மில்லி. லிட்டர் கணக்கில் பார்த்தால் 1,09,800 ரூபாய். கண்ணாடி மாதிரித் தடித்த பிளாஸ்டிக் சுவர் வைத்து, உள்ளே நிறைய இருப்பதுபோலக் காட்டுகிறார்கள். குச்சி அடிவரை எட்டாது. ஓரத்தில் ஒட்டியது ஒட்டியதுதான். திறந்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்கள். இத்தனையும் நிறம் பொருந்தியவர்களுக்கும் உள்ள குறைகள். நிறமே பொருந்தாதவளுக்கு முதல் துளியிலிருந்தே நட்டம்.

அந்த ஆண்டு அட்சய திருதியைக்குக் கடை ஊழியர்கள் அனைவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஃபிளாஷ் அடித்த படத்தில் என் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பட்டை. "என்னடி, திருநீறை நெத்தியில பூசாம கண்ணுக்குக் கீழ பூசிட்டியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். போட்டால் கேலி, போடாவிட்டால் சூப்பர்வைசர்.

யாருடைய தோல் 'இயற்கை'?

குப்பிகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நம்மைவிட மூன்று படி வெளுத்த நிறத்துக்கு 'நேச்சுரல்' என்று பெயர். அது இயற்கை என்றால் நாம் என்ன? தந்தம், பீங்கான், முத்து என்று வெளுப்புக்குப் பெயர் வைப்பார்கள். நம் பக்கம் வந்தால் காபி, சாக்லேட், கேரமல். அவர்களுக்கு அலமாரிப் பொருள், நமக்குத் தின்பண்டம்.

அதிக நிறங்கள் செய்வது முடியாத காரியமா? 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி நிறுவனம் ஒரே நாளில் 40 நிறங்களில் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தது. கருத்த நிறங்கள் நன்றாக விற்றன. மற்ற நிறுவனங்களும் பிறகு நிறங்களைக் கூட்டத் தொடங்கின. அதற்கு முந்தைய நாள்வரை 'சந்தை இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேதியியலில் குறை இல்லை. வாடிக்கையாளர் என்று நினைக்கும்போது யார் முகம் அவர்கள் மனதில் வருகிறது என்பதில்தான் குறை.

இன்னொன்றும் உண்டு. வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, கருக்கிறது என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானது. முதலில் அதில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகைகள் இருந்தன. பழுப்புக்கும் கருப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. அங்கே நம் தோல் கணக்கிலேயே இல்லை. இங்கே அது திருத்த வேண்டிய பிழை. 45 ஆண்டு கழித்து, 2020இல், பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றினார்கள். கன்சீலர் கடையில் என்னிடம் சொன்ன 'பிரைட்' அந்தச் சொல்லுக்குத் தங்கச்சி.

நிறத்தைப் பார்த்துச் சாதியைத் தேடுகிறவர்கள்

சாதிக்கு நிறம் கிடையாது. என் குடும்பத்திலேயே மாநிறமும் உண்டு, சிவப்பும் உண்டு, என் மாதிரிக் கருப்பும் உண்டு. அக்கிரகாரத்திலும் கருத்தவர்கள் இருக்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சாதியின் கண் நிறத்தில்தான் முதலில் போய் நிற்கிறது.

என்னோடு அதே கடையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி எங்கள் சாதிதான், நல்ல சிவப்பு. அவள் சான்றிதழைப் பார்த்த அலுவலகக்காரர், "அட, பாத்தா அப்படித் தெரியலையேம்மா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் என்ன சொல்வதென்று தெரியாமல் "தேங்க்ஸ் சார்" என்றுவிட்டு, இரவு முழுக்க அதையே நினைத்து அழுதாள். என்னிடம் அப்படி யாரும் வியக்கவில்லை. "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்த கேள்வி உடனே வந்தது. அவளிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அதனால்தான் அந்த 549 ரூபாயை வெறும் ஒப்பனைச் செலவாக என்னால் எழுத முடியவில்லை. தூக்கமின்மையை மறைக்க வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டாவது கேள்வி வராமல் இருக்க வாங்கினேன். ஒரு ஷேடு தூக்கிப் பூசினால் கேள்வி ஒரு படி தள்ளிப் போகும் என்று ஏதோ நப்பாசை.

பூசுவதே அடிமைத்தனமா?

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது, "ஒப்பனையே பெண்ணடிமைத்தனம். அதில் ஷேடு சரியில்லை என்று வருத்தப்படுவது என்ன பகுத்தறிவு?" என்று கேட்டார். நகையும் அலங்காரமும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன என்று பெரியார் சொன்னதை நினைத்துத்தான் கேட்டார். நகைக்கடையில் நாள் முழுக்க நின்றவளுக்கு அது பொய் என்று தோன்றாது.

ஆனால் நம் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் உடையைப் பற்றிப் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் கனத்த நகைகளை விடுங்கள், மற்றப் பெண்களைப் போலச் சேலையைக் கணுக்கால்வரை உடுத்துங்கள் என்றார். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிய எத்தனை ஆண்டுகள் அடிபட்டார்கள்! 1859இல் அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசர் கொடுத்தார். உடம்பில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சாதி ஆணையிட்ட மண் இது. இங்கே ஒரு சேரிப் பெண் ஆசைப்பட்டு உதட்டுச் சாயம் பூசுவதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

பெரியாரும் அம்பேத்கரும் இதில் எதிரெதிரே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. உன் உடம்பை இன்னொருவர் தீர்மானிக்க விடாதே என்றுதான் இருவரும் சொன்னார்கள். கண்ணுக்கு மை இடுவதும் கன்சீலர் பூசுவதும் எனக்கு ஒன்றில்லை. மை இட்டால் என்னைப் பார் என்கிறேன். கன்சீலர் பூசியபோது என்னைப் பார்க்காதே என்றுதான் கெஞ்சினேன்.

மறைக்காமல் பார்த்தபோது

அட்சய திருதியைக்குப் பிறகு ஒரு நாள் கவுண்டரிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மருத்துவர் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா இப்படி?" என்று கேட்டார். அத்தனை மாதமாக அந்த இடத்தைத்தான் நான் பூசி மூடிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தால் முறைப்பார்கள். ஸ்டூலில் உட்கார விட்டிருந்தால் கடைக்கு ஒரு பைசா செலவில்லை. அதைவிட, என் காசில் என்னைக் கன்சீலர் வாங்க வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் கொஞ்சம் தூக்கமுமாக, நான்கு மாதத்தில் கருவளையம் பாதி குறைந்தது. மீதி குறையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது பரம்பரை. அம்மாவுக்கும் அப்படித்தான், ஆயாவுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டுக் கண் அப்படி.

வாங்க நினைக்கும் தங்கைகளுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். புறங்கையில் பூசிப் பார்த்து வாங்காதீர்கள், கன்னத்தில் பூசுங்கள். கடை விளக்கை நம்பாமல் தெருவுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து நிறம் மாறியதா என்று மறுபடி பாருங்கள். விலையை மில்லிக்கு இவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உங்கள் நிறம் இல்லையென்றால் 'அடுத்த ஷேடு' வாங்காமல் திரும்பி வாருங்கள். இல்லாத நிறத்தை இல்லை என்று கடைக்காரர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மறைக்கச் சொன்னது யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே ஆசைப்பட்டால் தாராளமாகப் பூசுங்கள். முதலாளி சொன்னால் ஸ்டூலைக் கேளுங்கள். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்பவர்களுக்காக என்றால் அந்தக் காசுக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுங்கள். கேட்பவர்களிடம் காலனி என்றே சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.