முன்னிற்கும் எண்

ஒரு தொடரின் முன்னிற்கும் எண்ணை மட்டும் பிரித்தெடுத்தல் கம்ப்யூட்டர் பயிலும் மாணவர்க்கு முதற்பாடங்களுள் ஒன்றாம். "365 படிகள்" என்பதினின்று எண்ணை எடுக்க ^[0-9]+ என்னும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றே போதும். தொடக்கத்தினின்றே நோக்குக என்பது முதற்குறியின் பொருள். ஓர் இலக்கமேனும் அதற்கு மேற்பட்டேனும் தொடர்ந்து வருக என்பது ஏனையவற்றின் பொருள். தேமா, புளிமா என்னும் வாய்பாடுகள் சீரின் வடிவைக் காட்டுமேயன்றிச் சொற்பொருளைக் காட்டாமை போல, இதுவும் வடிவையே நோக்கும். 1956-இல் க்ளீனி என்னும் கணித அறிஞர் இம்முறைக்கு இலக்கணம் வெளியிட்டார். 1968-இல் கென் தாம்ஸன் இதனைக் கொண்டு எழுத்துத் தொடர்களைத் தேடும் வழியை விளக்கினார்.

எளிதென்பது பற்றி இதனை ஆராயாது கையாளுதல் தகாது என்பதே எம் கருத்து. திருத்தணிகை மலையின் படிகள் 365 என்பர். அத்தொகை பண்டைத் தமிழ் முறையில் ௩௱௬௰௫ என எழுதப்படும். மேற்கூறிய வாய்பாடு இதனுள் எண்ணே காணாது. தமிழிலக்கங்களையும் ஏற்குமாறு அதனை [0-9௦-௯] என விரிப்பினும், ௩ என்பதோடு நின்றுவிடும். நூறு, பத்து என்பவற்றின் குறிகளாகிய ௱, ௰ அவ்வரிசையில் அடங்கா. முந்நூற்றறுபத்தைந்து படி மூன்று படியாய்ச் சுருங்கும். இயந்திரமோ பிழையென ஒரு சொல்லும் உரையாது. விடை கிடையாமையினும் பொய்விடை கொடிதன்றோ?

இக்காலத்தில் பழைய எண்களை எழுதுவார் யாவர் எனச் சிலர் வினவலாம். 1960-இல் ஆந்திரத்தினின்று சென்னை இராஜ்யத்தோடு இணைந்த திருத்தணி போன்ற எல்லையூர்களின் பழைய ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோர், தமிழிலக்கங்களையேயன்றித் தெலுங்கிலக்கங்களையும் எதிர்நோக்கல் வேண்டும். அன்றியும், இத்தீங்கு பழைய எண்களோடு ஒழிவதன்று. 123/2அ, 123/2ஆ என்னும் புல எண்கள் இரண்டிருப்பின், அவை இரு வேறு உட்பிரிவுகள். உடையவர் இருவராதலும் கூடும். முன்னெண்ணை மட்டும் கொள்வார்க்கு இரண்டும் 123 ஆகும். ஒருவர் நிலம் மற்றொருவர் பெயரிற் கலத்தற்கு இதனினும் எளிய வழி வேண்டுவதில்லை.

ஆதலின் மாணவ நண்பர்கள் இரண்டு விதிகளைக் கைக்கொள்ளல் நன்று. எண்ணைப் பிரித்த பின்னும் மூலத்தொடரை மாற்றாது காக்க. எண்ணை அடுத்து எஞ்சி நிற்பதையும் நோக்குக. அங்கே எழுத்தோ, சாய்கோடோ, அறியாக் குறியோ இருப்பின் அப்பதிவைத் தனியே ஒதுக்கி, அவ்வேடு அறிந்தார் ஒருவர் பார்வைக்கு வைக்க. இதனால் வேலை சிறிது தாமதப்படும். ஆயின் ஒருவர் உரிமை கெடாது.