பெண்கள் பத்திரிகை கண்டுபிடித்த வாலபி

வார இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகப் பல காலம் குப்பை கொட்டியவன் நான். பக்கத்தின் மூலையில் நாலு விரல் இடம் மிஞ்சினால் அங்கே ஒரு துணுக்கு போடுவது என் பொறுப்பு. "இதையெல்லாம் யார் சார் படிக்கப் போறாங்க?" என்பார் அச்சுக்கோப்பவர். அவருக்கான பதில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது.

1973இல் அங்கே டிங்கோ என்ற சிற்றூர்ப் பக்கம் ஒருவர் வேலி போடும் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 'வுமன்ஸ் டே' என்ற பெண்கள் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. அழியும் விலங்குகளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை. கட்டுரை சொன்ன ஒரு பிராணி, தான் வேலை செய்யும் இடத்தில் திரிவதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தகவல் சொன்னார். அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். 1937க்குப் பிறகு உறுதியாக யார் கண்ணிலும் படாத, செத்தொழிந்ததாகவே எல்லாரும் நினைத்திருந்த கடிவாள நகவால் வாலபி உயிரோடு இருந்தது.

வாலபி என்றால் கங்காருவின் சின்ன உருவம். இது சின்னதிலும் சின்னது. ஆண் எட்டுக் கிலோவைத் தாண்டாது, பெண் ஐந்து கிலோவுக்குள். பிடரியிலிருந்து முன்னங்கால் வரை இறங்கும் வெள்ளைக் கோடு குதிரைக்குப் பூட்டிய வாரைப் போலத் தெரியும். வால் நுனியில் நகம் போல ஒரு சிறு முள். அது எதற்கென்று எனக்குத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. ஓடும்போது முன்கைகளைச் சுழற்றும் என்பதால் பழைய குடியேறிகள் இதை 'இசைப்பெட்டி சுற்றுகிறவன்' என்று கேலியாக அழைத்தார்கள். பகலெல்லாம் புதரடியிலோ பட்ட மரப் பொந்திலோ கிடக்கும். ஆள் வந்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். மனிதரிடம் இந்த வித்தை பலிக்கலாம். பூனையிடமும் நரியிடமும் பலிக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கே மரி ஆறு வரை பரவியிருந்த இனம் இது. புல்லை மேய்ந்து ஆட்டுக்குப் போட்டியாகிறது என்ற கோபம் பண்ணைக்காரர்களுக்கு. 1877இல் கங்காரு வகைகளை ஒழிக்கவே அங்கே ஒரு சட்டம் வந்தது. கொன்று தலைத்தோலைக் கொண்டுவந்தால் காசு. ரோமத்துக்காகச் சுட்டது தனிக் கணக்கு. மிஞ்சியவற்றுக்கு ஒதுங்க இருந்தது பிரிகலோ என்ற வேல மரக் காடு. 1960களில் அரசுத் திட்டமே போட்டு அந்தக் காட்டை அழித்தார்கள். இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்தால் மரங்கள் வரிசையாகச் சாயும். வேலிக்காரர் அந்தக் கட்டுரையைப் படிக்காமல் விட்டிருந்தால் டிங்கோ பக்கத்துக் காடும் அந்த வழியே போயிருக்கும் என்பது என் கணிப்பு. பிறகுதான் அரசு அந்த நிலத்தை வாங்கியது. இன்று 11,000 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள டான்டன் தேசியப் பூங்கா அது.

பூங்கா ஆக்கியதோடு பிரச்சினை தீரவில்லை. வறட்சி வந்தது, மாட்டுக்கென்று கொண்டுவந்த புல் காட்டுக்குள் பரவியது, குட்டிகளைக் காட்டுப்பூனைகள் தின்றன. எமரால்ட் நகருக்குத் தெற்கே, அவோசெட் என்ற தனியார் மாட்டுப் பண்ணையில் விட்ட வாலபிகளும் தேய்ந்துகொண்டே வந்தன. 2015இல் அங்கே செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய வாலபிகளை வெளியிலேயே விட்டுவிட்டு, மூன்று கிலோவுக்குக் குறைந்தவற்றை மட்டும் பிடித்துப் பூனையும் நரியும் நுழைய முடியாத வேலிக்குள் வளர்த்தார்கள். பூனையால் அடிக்க முடியாத எடை வந்ததும் வெளியே விட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள்: மூன்று ஆண்டுகளில் அப்படி வளர்த்தவை 56; பத்துக்கு ஒன்பது என்ற அளவில் பிழைத்தன. பண்ணையின் மொத்த எண்ணிக்கையும் இரண்டு மடங்குக்கு மேலானது. ஒரு இனத்தையே ஆயுள் முழுக்கச் சிறைவைத்துக் காப்பதைவிட இது மேல். வெளியே திரியும் பெரியவை எதிரிகளுக்குப் பயப்பட மறப்பதில்லை.

இதெல்லாம் பெரிய செலவில்லை. ஆனாலும் பணம் வேறு பக்கம் பார்க்கிறது. கடைசி டாஸ்மேனியப் புலி 1936இல் ஹோபர்ட் மிருகக்காட்சிச் சாலையில் செத்தது. அதை மரபணுவிலிருந்து மறுபடி உருவாக்கப் போவதாக 2022இல் ஓர் அமெரிக்க நிறுவனமும் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் அறிவித்தன. உலகமே பக்கம் பக்கமாக எழுதியது. அந்த ஆய்வால் உபயோகமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புலி செத்த மறு ஆண்டிலிருந்து காணாமல் போய், தானாகத் திரும்பி வந்து, இன்று வேலியில்லாத காட்டில் சில நூறாக மட்டும் நிற்கும் ஒரு உயிருக்கு அதில் எத்தனை பங்கு இடம் கொடுத்தோம்?

பிரிகலோ காட்டில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. இருப்பதில் பெரும்பகுதி தனியார் நிலம். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கும் பிரிகலோவை வெட்டாமல் விடும் பண்ணைக்காரருக்கு, அவர் இழக்கும் மேய்ச்சலுக்கு ஈடாக ஆண்டுதோறும் குயின்ஸ்லாந்து அரசு பணம் தரட்டும். தலைத்தோலுக்குக் காசு எண்ணிக் கொடுத்த கருவூலம்தானே அது.