எண்ணிப் பார்த்த பெண்

எந்த மொழிக்கு எந்த மொழி உறவு என்ற பேச்சு எழுந்தால் எம்மவரிடையே உடனே சூடு பிறந்துவிடும். சுமேரியம் தமிழின் பிள்ளை என்பார் ஒருவர். உலக மொழிகள் எல்லாமே எங்களிடமிருந்து பிறந்தவை என்பார் இன்னொருவர். சான்று என்ன என்று கேட்டால் ஒலியில் ஒத்த நாலைந்து சொற்களைக் காட்டுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு அலிஸ் கோபர் என்ற பெண்ணின் ஞாபகம் வரும். தமிழோடு அவருக்குத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மறைந்துபோன மொழியொன்றின் உறவை எப்படித் தேட வேண்டும் என்பதை அவரிடம் நாம் கற்கலாம்.

மத்தியதரைக் கடலிலுள்ள கிறீற் தீவில் 1900இல் ஆதர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் அகழ்வைத் தொடங்கியபோது, எழுத்துகள் கீறப்பட்ட களிமண் தகடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அரண்மனை எரிந்த நெருப்பில் வெந்து இறுகியதாலேயே அவை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அழியாதிருந்தன. அவற்றிலிருந்த இருவகை எழுத்துகளில் பழையது லீனியர் ஏ என்றும், பிந்தியது லீனியர் பி என்றும் பெயர் பெற்றன. எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆனால் ஊகங்களுக்குக் குறைவில்லை. இத்தாலியில் வழங்கி மறைந்த எத்துருஸ்கனுக்கு உறவு என்றனர் சிலர். பாஸ்க் மொழியின் துணையோடு வாசிக்கலாம் என்றார் வேறொருவர்.

கோபர் 1906இல் நியூயோர்க்கில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, புரூக்ளின் கல்லூரியில் கற்பித்தார். அங்கு படித்த பார்வையற்ற மாணவருக்காகப் பிரெயில் கற்று, பாடங்களையும் பரீட்சைத் தாள்களையும் பெயர்த்துக் கொடுத்தார். வகுப்புகள் முடிந்த பின்னர்தான் ஆராய்ச்சிக்கு நேரம். போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டில், வாழ்த்து அட்டைகளின் பின்புறத்தையும் கிடைத்த துண்டுத் தாள்களையும் வெட்டிக் குறிப்பெழுதினார். சிகரற் பெட்டிகளில் அடுக்கி வைத்த அந்தத் துண்டுகள் ஏறத்தாழ 1,80,000.

உறவை முதலில் முடிவு செய்துவிட்டுச் சான்று தேடக்கூடாது என்பது அவரது பிடிவாதம். ஒலியையும் அவர் ஊகிக்கவில்லை. எந்த எழுத்து எத்தனை முறை, சொல்லின் எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணினார். எமது மொழியை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். ஊரை, ஊரில், ஊரோடு என்று எழுதுகிறோம். தமிழ் தெரியாத ஒருவருக்கு ரை, ரி, ரோ மூன்றும் வேறு வேறு குறிகள். ஆனால் ஒரே சொல் வேற்றுமை ஏற்றுத் திரிகிறது என்று கண்டுகொண்டால், அம்மூன்றிலும் ஒரே மெய் ஒளிந்திருப்பது தெரிந்துவிடும். அது ‘ர்’ என்று தெரிய வேண்டியதில்லை. லீனியர் பி எழுத்தில் கோபர் கண்டது இதுதான். மொத்தத்தைக் குறிக்கும் சொல், ஆண்களைக் கூட்டும்போது ஒரு வடிவமும் பெண்களைக் கூட்டும்போது இன்னொரு வடிவமும் பெறுவதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

1950இல், 43 வயதில் கோபர் காலமானார். அவர் போட்ட அடித்தளத்தின் மீது கட்டி எழுப்பிய மைக்கல் வென்றிஸ் என்ற கட்டடக் கலைஞர், 1952 ஜூலை 1ஆம் திகதி பி.பி.சி. வானொலியில் முடிவை அறிவித்தார். லீனியர் பி தகடுகளின் மொழி பழைய கிரேக்கம்! வென்றிஸ்கூட நெடுங்காலம் எத்துருஸ்கனையே எதிர்பார்த்திருந்தார். புகழ் அவருக்குப் போனது. கோபரின் பங்கு பொதுமக்களிடையே பரவலாகப் பேசப்பட்டது, 2013இல் மாகலிற் ஃபொக்ஸ் இக்கதையை நூலாக எழுதிய பிறகே.

வாசித்தபோது காவியம் எதுவும் கிடைக்கவில்லை. அத்தனையும் அரண்மனைக் கணக்கு. கிரேக்கத்தின் பைலொஸ் அரண்மனைத் தகடுகளில் 700க்கும் மேற்பட்ட உழைக்கும் பெண்கள் பதிவாகியிருக்கிறார்கள். நூல் நூற்போர், மா அரைப்போர் என்று தொழிலாலும் ஊராலும் குறிக்கப்படுகிறார்கள். பெயர்கள் இல்லை. கூடவே பிள்ளைகளின் தொகையும், அவர்களுக்கு அளந்த தானியமும் அத்திப்பழமும் உண்டு. எந்த வரலாற்றிலும் இடம்பெறாதிருந்த அந்தப் பெண்களை, பொறுமையாக எண்ணிய ஒரு பெண்ணின் உழைப்பும் சேர்ந்தே வெளியே கொண்டுவந்தது என்பது எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

பழைய லீனியர் ஏ இன்னும் விளங்கவில்லை. லீனியர் பி எழுத்துகளின் ஒலியைக் கொண்டு அதை வாய்விட்டுச் சொல்லலாம், பொருள் புரியாது. கணக்கின் அடியில் மொத்தத்துக்கு முன்னால் ‘குரோ’ என்றொரு சொல் வருகிறது. சைரஸ் கோர்டன் என்ற அறிஞர் அதில் ‘எல்லாம்’ எனப் பொருள்படும் செமித்தியச் சொல்லைக் கண்டார். விரும்பினால் நாமும் ‘கூறு’ என்ற சொல்லைக் கொண்டுபோய் நிறுத்தலாம். ஒரு சொல் எங்கும் ஒட்டும்.

உண்மையான உறவு அப்படி இராது. தமிழில் பால், பல், புலி, பூ என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூவு என வருகின்றன. நமது ‘ப’ நிற்கும் இடத்தில் அவர்களது ‘ஹ’ வரிசையாக நிற்கிறது. தற்செயலில் இப்படி ஒழுங்கு வராது.

தோழியரே, மொழியின் பழைமையைச் சொல்லி ஒருவரையொருவர் சிறுமைப்படுத்தியதன் விலையை இந்த நாட்டில் நாம் அறிவோம். எனவே அடுத்த முறை யாராவது மேடையில் ஒரு மொழியின் தாயையோ பிள்ளையையோ அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை சொற்கள்? மாற்றத்தில் ஒழுங்கு உண்டா? சொல்லின் ஈறுகளும் ஒத்து வருகின்றனவா? உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படிக் கேட்கப் பழக்குங்கள்.