நிறம் வராவிட்டால் பெட்டி கெட்டதாகிவிடுமா?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகள் தங்கள் வீடியோ கேம் பெட்டியையும் கூடவே கொண்டு வருகிறார்கள். துவாரகாவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதைப் பார்க்கிறேன். டி.வி.யில் இணைத்தால் படம் ஓடுகிறது, சத்தமும் கேட்கிறது. ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை! உடனே "பெட்டி போச்சு" என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். ஒன்று, ரிப்பேர் கடைக்குப் பணம் அழுகிறோம். அல்லது கபாடிவாலாவின் தராசில் ஏற்றிவிடுகிறோம். இந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கட்சி.

காரணம் எளிது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தபோது, நாம் ஏற்றது 'பால்' முறை. 625 கோடுகள், நொடிக்கு 50 துடிப்பு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தது 'என்.டி.எஸ்.சி.' முறை. 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 60 துடிப்பு. பழைய விளையாட்டுப் பெட்டிகள் அந்தந்த நாட்டு முறைப்படி செய்யப்பட்டவை.

இரு முறைகளிலும் வெளிச்சமும் நிறமும் தனித்தனிச் செய்தியாகப் போகின்றன. வண்ணம் வந்தபோது மக்களிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக்கூடாது என்றே அப்படி அமைத்தார்கள். நம் டி.வி. வெளிச்சத்தைப் புரிந்துகொள்கிறது, நிறத்தின் பாஷை அதற்குப் பிடிபடவில்லை. இது நோயல்ல, பாஷைத் தகராறு. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கா இது புரியாது?

முதலில் கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, மின்சாரத்தை. அமெரிக்க அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நமது 230 வோல்ட்டில் செருகாதீர்கள். அது உண்மையிலேயே புகைந்துவிடும். மின்அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

அடுத்து டி.வி.யின் மெனுவில் 'கலர் சிஸ்டம்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆட்டோ' சில சமயம் ஏமாறும். 'என்.டி.எஸ்.சி. 3.58' என்று கையால் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே காரியம் முடிந்துவிடும். பழைய டி.வி.யில் அந்த வசதியே இல்லையென்றால், முறை மாற்றும் சிறு கன்வர்ட்டர் தேவைப்படும்.

மூன்றாவது, ஒயர். மஞ்சள் ஒயரைப் பச்சைத் துளையில் செருகினாலும் நிறம் போய்விடும், ஏனெனில் பச்சை வெளிச்சத்துக்கு மட்டுமான துளை. சில டி.வி.க்களில் இரண்டுக்கும் ஒரே துளைதான். அப்போது மெனுவில் 'காம்பொனென்ட்' அல்ல, 'ஏ.வி.'யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வண்ண காம்பொனென்ட் ஒயரில் நீலமும் சிவப்பும் இடம் மாறினால் மனித முகம் நீலம் பூத்துவிடும்!

புதிய எச்.டி.எம்.ஐ. பெட்டிகளுக்கு இந்த நாட்டுப் பேதம் இல்லை. அவற்றின் சிக்கல் வேறு. படம் வெளிறினாலோ, இருட்டுப் பகுதி அப்பிக்கொண்டாலோ, பெட்டியும் டி.வி.யும் 'ஆர்.ஜி.பி. ரேஞ்ச்' விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒன்று 0 முதல் 255 வரை எண்ணுகிறது, மற்றது 16 முதல் 235 வரை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

"பழைய பெட்டிக்காக இத்தனை பாடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் எறிவது எங்கும் மறைந்துவிடுவதில்லை. யமுனைக்கு அப்பால் சீலம்பூரில் ஏழைக் கைகள் அதைப் பிரித்துச் செம்பு எடுக்கின்றன. அதன் நஞ்சு அவர்கள் உடம்பில் சேர்கிறது. நல்ல நிலையில் உள்ள பொருளை அங்கே அனுப்ப நமக்கு என்ன நியாயம்?

குற்றம் முழுவதும் நம்முடையதல்ல. எந்த முறையை ஏற்கும், எந்தத் துளையில் எதைச் செருகலாம் என்பதை டி.வி. தயாரிப்பாளர்கள் தெளிவாக அச்சிட்டுத் தரலாம். எல்லாக் கோளாறும் மெனுவில் தீரும் என்றும் நான் சொல்லவில்லை; உண்மையான பழுதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

நம் சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளுக்குக் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி வைக்கிறோம். அதோடு, வீட்டில் முடங்கிக் கிடக்கும் பெட்டிகளைக் கொண்டு வந்து இணைத்துப் பார்க்க ஒரு மேசையும் போடலாமே. அண்ணன்மார் தம்பிகளுக்குச் சொல்லித் தரட்டும். பெட்டி பிழைக்கும், பிள்ளைகளுக்கும் எறிவதற்கு முன் ஏன் என்று கேட்கும் பழக்கம் வரும். அன்பர்கள் யோசிக்கட்டும்.